மொட்டை மாடி ஒழுகுகிறதா? நம்பிக்கையான கொத்தனாரைப் பிடிப்பது முதல் கடைசித் தவணை கொடுப்பது வரை

ஐப்பசி பிறந்து நான்கு நாள் மழை பெய்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தின் சீலிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்தடம் தெரிந்தது. தாம்பரம் பக்கத்தில் 1998இல் கட்டிய வீடு. அவசரத்துக்கு ஒருவரை வரவழைத்தோம். அவர் கூடத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "மேல ரெண்டு கோட்டு வாட்டர்ப்ரூஃப் அடிச்சா சரியாப் போயிடும்மா" என்றார். பேசிய தொகையில் முக்கால் பங்கை அன்றைக்கே வாங்கிக்கொண்டார். ஈரம் காயாத தளத்தின் மேல் ஒரே ஒரு கோட்டு அடித்தார்கள். அடுத்த வாரமே அது அப்பளம் மாதிரி உரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

பணம் போனது ஒரு பக்கம். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தோமே என்பதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அடுத்த ஆண்டு கோடையில் அதே வேலையை முறையாகச் செய்தோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மொட்டை மாடி வேலையை மையமாக வைத்துச் சொன்னாலும், பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர் யாரை வைத்தாலும் இதே வரிசைதான். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. ஆளைத் தேடும் முன் ஒழுகலைத் தேடுங்கள்

வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாவிட்டால், வருகிறவர் சொல்வதுதான் காரணம் ஆகிவிடும். பெயின்டர் வந்தால் பெயின்ட் என்பார், பிளம்பர் வந்தால் பைப் என்பார். அதனால் முதலில் இரண்டு மூன்று நாள் நீங்களே கவனியுங்கள்.

ஈரத்தடம் மழைக்கு மட்டும் பெரிதாகிறதா, வெயில் காலத்திலும் இருக்கிறதா? மழைக்கு மட்டும் என்றால் மாடித் தளம், கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஆண்டு முழுக்க இருந்தால் மேலே உள்ள குளியலறை, சுவருக்குள் ஓடும் தண்ணீர்ப் பைப், மாடித் தொட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரவு படுக்கும் முன் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கொத்தனாரைக் கூப்பிடும் முன் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் மாடிக்கு ஏறுங்கள். சென்னைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த வெதரிங் கோர்ஸ் இருக்கும். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்திருப்பார்கள். ஒரு கட்டையால் தட்டோடுகளைத் தட்டிக்கொண்டே வந்தால், பிடிப்பு விட்ட ஓடு 'டொப் டொப்' என்று வெற்றொலி எழுப்பும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போய்விட்டது என்று அர்த்தம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், சோலார் ஸ்டாண்டுக்கோ ஏ.சி. ஸ்டாண்டுக்கோ போல்ட் இறக்கிய இடம் ஆகியவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீர் இறங்கும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, கான்கிரீட்டில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே சொட்டும். எங்கள் வீட்டில் சொட்டியது கூடத்தில். தண்ணீர் இறங்கியது பன்னிரண்டு அடி தள்ளியிருந்த கைப்பிடிச் சுவர் மூலையில். ஆகவே ஈரத்தடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

சீலிங்கில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் விஷயம் வேறு. ஓர் இடத்தில் சிறிதாக இருந்தால் அனுபவமுள்ள கொத்தனாரே துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவையால் மூடுவார். பல இடங்களில் கம்பி தெரிந்தாலோ பீமில் தெரிந்தாலோ முதலில் சிவில் இன்ஜினியர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேல் வெறும் சிமெண்ட்டைப் பூசி மறைப்பது மிகவும் ஆபத்து.

2. மழைக்கு முன்பே ஆரம்பியுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் நல்ல கொத்தனார் யாரும் சும்மா இருக்க மாட்டார். மழை நேரத்தில் உடனே வருகிறேன் என்று சொல்பவர் ஏன் வேலையில்லாமல் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். தவிர, மாடி வேலைக்குத் தளம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். மாசியில் விசாரிக்க ஆரம்பித்து, ஆடி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் வேலை தொடங்கினால், முன்பணத்தோடு ஆளும் ஊருக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு.

மழைக்கு நடுவே ஒழுகினால் தார்ப்பாய் விரித்து, மழைநீர்க் குழாய் அடைப்பை எடுத்து, அந்த மழையைத் தாண்டிவிடுங்கள். அது போதும்.

3. யாரிடம் விசாரிப்பது

"நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "உங்க வீட்டு மாடி வேலை முடிஞ்சு எத்தனை மழை ஆச்சு?" என்று கேளுங்கள். போன மாதம் முடிந்த வேலையை எல்லோரும் பாராட்டுவார்கள். இரண்டு மழை தாண்டியும் ஒழுகாத மாடிதான் உண்மையான சிபாரிசு. எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் கேட்டதில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கொத்தனாரைச் சொன்னார்கள். நான்கு ஆண்டுக்கு முன்பு அவர் செய்த மாடியை ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஹார்டுவேர் கடைக்காரரிடமும் விசாரிக்கலாம். யாருக்குக் கடன் கொடுக்கிறார், யார் வாங்கிய சரக்குக்குச் சரியாகப் பணம் கட்டுகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயம். பல இடங்களில் கடைக்கும் தொழிலாளிக்கும் கமிஷன் உண்டு. பெயின்ட் டப்பாக்களிலும் பெயின்டர்களுக்கு டோக்கன் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு குறிப்பிட்ட பிராண்டுதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். சரியான காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

செயலி வழியாக ஆள் வரவழைப்பது குழாய் மாற்ற, மின்விசிறி மாட்ட, ஏ.சி. சர்வீஸ் செய்ய வசதியானது. விலை முன்பே தெரியும், ரசீது வரும். காரணத்தைக் கண்டுபிடித்துச் செய்ய வேண்டிய பெரிய வேலைக்கு, அடுத்த மழையிலும் கூப்பிட்டால் வரக்கூடிய உள்ளூர் ஆள்தான் என் தேர்வு.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: பேசுகிறவரே வேலை செய்வாரா? மேஸ்திரி ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் வேலை எடுத்திருப்பார். உங்கள் வீட்டுக்கு அவர் அனுப்பும் கொத்தனார் யார் என்பது வேலை தொடங்கும் நாளில்தான் தெரியும். மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லவில்லை. "எந்தக் கொத்தனார் வருவார், அவர் செய்த வேலையைக் காட்டுங்க" என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

4. வந்து பார்க்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது

குறைந்தது மூன்று பேரைத் தனித்தனியாக வரவழையுங்கள். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். வந்தவர் எதை முதலில் செய்கிறார் என்று கவனியுங்கள். நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட கொத்தனார் கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மாடிக்குப் போனார். "எந்த வருஷம் கட்டினது? தொட்டி எந்தப் பக்கம்? முன்னாடி ஏதாவது அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, தளத்தில் ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்தபடி நின்றார். விலையைப் பற்றிப் பேசவே அரை மணி நேரம் ஆயிற்று.

கருவிகளும் பேசும். கொத்தனாரின் பையில் கரண்டியோடு ரசமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மூலைமட்டம் இருக்கின்றனவா, அவை சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வரும் எலக்ட்ரீசியனிடம் வீட்டு வயரிங் முழுவதையும் ஒப்படைக்க வேண்டாம்.

"இதுக்கு நான் சரிப்பட மாட்டேன், இன்ஜினியரைக் கூப்பிடுங்க" என்று சொல்லத் தெரிந்தவரை உடனே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்பவர்கள் குறைவு.

"நீங்க பார்த்துக் குடுங்கம்மா" என்பது அன்பாகச் சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் பெரும்பாலும் அதில்தான் சண்டை தொடங்குகிறது. வேலை முடிந்ததும் உங்கள் மனதில் ஒரு தொகை, அவர் மனதில் ஒரு தொகை இருக்கும். "இல்லண்ணே, இப்பவே ஒரு கணக்கு பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். நூறு ரூபாய்க் குழாய் வேலைக்கும் இது பொருந்தும்.

ஆதார் கேட்கலாமா? பல நாள் நடக்கும் வேலைக்குப் பெயர், முகவரி, போன் எண், ஓர் அடையாள அட்டையைக் கண்ணால் பார்ப்பது போதும். நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. அதில் பதிந்தவர்களிடம் வாரிய அட்டை இருக்கும். அது ஆள் யார் என்பதைக் காட்டும், வேலைத்திறமைக்குச் சான்று ஆகாது. பதியாதவராக இருந்தால் பதியச் சொல்லுங்கள். விபத்து உதவி உட்படப் பல உதவிகள் அவருக்குக் கிடைக்கும்.

5. எந்தக் கணக்கில் பேசுவது

மூன்று முறை உண்டு. தினக்கூலி, லேபர் கான்ட்ராக்ட், பொருளோடு சேர்த்த கான்ட்ராக்ட்.

உடைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு வேலை என்று தெரியும் என்ற நிலையில் தினக்கூலிதான் நியாயம். ஆனால் நாள் இழுக்காமல் இருக்க, "தட்டோடு பெயர்க்க இரண்டு நாள்" என்பது போல ஒரு கணிப்பை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அளந்து சொல்லக்கூடிய வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட் நல்லது. அளவை நாடா பிடித்து இருவரும் சேர்ந்து அளந்து எழுதுங்கள். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் அந்தச் சதுர அடியில் சேருமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் விட்டுத்தான் பல வீடுகளில் கடைசி நாளில் குரல் உயர்கிறது.

பொருளோடு சேர்த்துக் கொடுப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் தரம் குறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. என் அனுபவத்தில், பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுவதுதான் சிறிய, நடுத்தர வேலைகளுக்கு நிம்மதி.

மூன்று பேரின் விலையையும் ஒப்பிடும்போது, மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் பழைய ஓட்டின் மேலேயே பெயின்ட் அடிக்கவும், இன்னொருவர் பெயர்ந்த ஓடுகளை மட்டும் மாற்றவும், மூன்றாமவர் முழு வாட்டத்தையும் திருத்தவும் விலை சொல்லியிருந்தார்கள். அவற்றில் எது குறைவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

6. பேசியதை எழுதுங்கள்

முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம் அண்ணே. இன்று பேசியபடி: மொட்டை மாடி 900 சதுர அடி, கைப்பிடிச் சுவர் உள்பக்கம் ஓர் அடி உயரம் வரை சேர்த்து. பெயர்ந்த தட்டோடு எல்லாம் எடுத்து, வாட்டம் சரி செய்து, புது ஓடு பதித்து, இடுக்கு அடைத்து, சுவர் மூலையில் சரிவான பட்டி போட்டுத் தர வேண்டும். பொருள் எங்களுடையது. இடிபாடு கீழே இறக்கி வண்டியில் ஏற்றுவது உங்கள் பொறுப்பு. வண்டி வாடகை எங்களுடையது. தண்ணீர் ஊற்றுவது காலையில் உங்கள் ஆள், மாலையில் நாங்கள். 12 நாள் வேலை. தண்ணீர் கட்டிப் பார்த்து ஒழுகக் கூடாது. கூலி மொத்தம் இவ்வளவு. கூடுதல் வேலை வந்தால் செய்யும் முன் விலை பேசிக்கொள்வோம். சரியா?"

அவர் "சரிம்மா" என்று ஒரு வரி பதில் போட்டார். எழுதப் படிக்கச் சிரமப்படுபவராக இருந்தால் படித்துக் காட்டிவிட்டு, குரல் பதிவாக ஒப்புதலை அனுப்பச் சொல்லலாம். இதை அவமானமாக அவர் நினைக்காதபடி, "எனக்கு மறந்துடும், அதுக்குத்தான்" என்று சொல்லுங்கள். கூலி எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் இருப்பது அவருக்கும் பாதுகாப்புதான்.

7. பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்திருந்தால் முதல் முறை நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம். பேச்சுக்குக் கூலி மட்டும் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் நாளில் 10,000. பழைய ஓடு பெயர்த்து, விரிசலைக் கொத்தித் திறந்து, நீங்கள் பார்த்த பிறகு 20,000. வாட்டம் போட்டு ஓடு பதித்ததும் 25,000. துப்புரவு முடிந்து, தண்ணீர் கட்டிச் சோதித்ததும் (எப்படி என்று பதினோராம் படியில் சொல்கிறேன்) 15,000. மீதி 10,000 முதல் பெரிய மழைக்குப் பிறகு. வேலை எந்தக் கட்டத்தில் நின்றாலும் நடந்த வேலைக்கும் கொடுத்த பணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பொருளும் அவரே வாங்குவதாக இருந்தால் முன்பணம் அதிகம் கேட்பது இயல்பு. அப்போது பணத்தைக் கடைக்கு நேராகக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

சனிக்கிழமை வாரக்கூலி நாள். மேஸ்திரியோடு உங்களுக்கு என்ன கருத்து வேறுபாடு இருந்தாலும், சித்தாளின் கூலி அன்று நிற்கக் கூடாது. பிடித்து வைப்பது மேஸ்திரியின் பங்கிலிருந்துதான் இருக்க வேண்டும். செங்கல் சுமந்த பெண்ணுக்கு அந்த வார அரிசி அந்தப் பணத்தில்தான். இதை முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

முடிந்தவரை யு.பி.ஐ. வழியாக அனுப்பி, குறிப்பில் 'இரண்டாம் தவணை' என்று எழுதுங்கள். ரொக்கம் என்றால் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து.

8. பொருள் வாங்கும்போது

கொத்தனாரையும் கூட அழைத்துப் போங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டை வலு குறைந்தது, வேண்டாம். கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலில், பூச்சுக்கு நைசான பி சாண்ட், கான்கிரீட்டுக்கு எம் சாண்ட். வாட்டர்ப்ரூஃப் திரவம், பெயின்ட் எல்லாம் சீல் உடையாத டப்பாவாக வாங்கி, உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். மாடியின் அளவை வைத்து எத்தனை டப்பா தீர வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். பாதி டப்பாவிலேயே மாடி முழுதும் முடிந்துவிட்டதென்றால் தண்ணீர் கூடிவிட்டது. காலி டப்பாக்களை வேலை முடியும்வரை மாடியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

9. மூடும் முன் பாருங்கள்

வேலை நடக்கும் நேரம் முழுவதும் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் கை ஓடாது. மூடப்படுவதற்கு முந்தைய கட்டங்களை மட்டும் தவறாமல் பாருங்கள். "ஓடு பதிக்கும் முன்னாடி என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லி வையுங்கள். சுவர் மூலையைக் கொத்தித் திறந்தபோது, பழைய ஜல்லியை எடுத்தபோது, பூச்சுக்கு முன், பூச்சுக்குப் பின் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கோளாறு வந்தால் எங்கே தேட வேண்டும் என்று இவை சொல்லும்.

கலவையை ஒரு முறையாவது கவனியுங்கள். 50 கிலோ மூட்டை சிமெண்ட் கன அளவில் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. ஒன்றுக்கு நாலு கலவை என்றால் ஒரு மூட்டைக்கு ஐந்து கன அடி மணல். பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) கணக்கில் போடும்போது சிமெண்டையும் அதே பாண்டில் அளந்தால் கணக்கு சரியாக வரும். தண்ணீர் சேர்த்த கலவையைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து வைத்ததைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் தெளித்துப் புரட்டினால் அதை ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு பாண்டுக் கலவை வீணாவது பரவாயில்லை. வாட்டம் பத்தடிக்குக் குறைந்தது ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். நூல் கட்டிப் பார்த்துவிடலாம். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டு வேளை போதாது, ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். நல்ல கொத்தனார் பூசிய சுவர்கூடத் தண்ணீர் காட்டாமல் வெடித்துப் போவதுண்டு. அந்தப் பழி அவருடையது ஆகாது.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர், பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ, சித்தாள் பெண்கள் பயன்படுத்தக் கழிப்பறை ஆகியவற்றுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். வெளிச்சுவர் வேலைக்குச் சாரம் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். இடுப்பில் பெல்ட் இல்லாமல் கயிற்றில் தொங்கி வேலை செய்ய அனுமதிக்காதீர்கள். அதற்காக ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

பிளம்பர் என்றால், சுவரை மூடும் முன் குழாயில் தண்ணீர் விட்டு இணைப்புகளைப் பார்க்க வேண்டும். வெந்நீர்க் குழாய்க்கு சி.பி.வி.சி. பைப்தான்; சாதாரண பி.வி.சி. சூட்டுக்குத் தாங்காது. ஒட்டிய பசை இறுகும் முன் தண்ணீர் திறக்க அவசரப்படுத்தாதீர்கள்.

எலக்ட்ரீசியன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன் தகுதிச் சான்றிதழும் ஒப்பந்ததாரர் உரிமமும் தருகிறது. புது வயரிங் போடும்போது அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். விளக்குக்கு 1.5, பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்பது வீடுகளில் பழகிய அளவு. அதற்குக் குறைத்தால் காரணம் கேளுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும், அதன் டெஸ்ட் பட்டனை அவர் முன்னாலேயே அழுத்திப் பாருங்கள். "எர்த் இல்லேன்னாலும் ஓடும்மா" என்று சொல்பவரை அன்றே அனுப்பிவிடலாம். ஈ.பி. மீட்டர் சீலைத் தனியார் எலக்ட்ரீசியன் தொடக் கூடாது. அதற்கு மின்வாரிய ஊழியர்தான் வர வேண்டும்.

செப்டிக் டேங்க் பற்றி ஒரே வார்த்தை: எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் கொன்றுவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை மட்டும் கூப்பிடுங்கள். 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

10. தகராறு வந்தால்

முதலில் நேரில் பேசுங்கள். நிறைய கோளாறுகள் தெரியாமல் நடப்பவை. போட்டோவைக் காட்டிச் சொன்னால் நல்லவர்கள் வந்து சரி செய்து தருவார்கள். வராவிட்டால், என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரி செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், அதற்கடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம், இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தினக்கூலிக்கு ஆள் வைத்து நீங்கள் சொல்லச் சொல்லச் செய்த வேலையைவிட, முழு வேலையையும் விலை பேசி ஒப்படைத்த வேலைக்குத்தான் இந்த வழி நன்றாகப் பொருந்தும். ஆறாம் படியில் அனுப்பிய செய்தியும், பணம் அனுப்பிய குறிப்புகளும், போட்டோக்களும் இங்கேதான் கைகொடுக்கும். எங்களிடம் முதல் முறை இவை ஒன்றுமே இல்லை. அதனால்தான் புகார்கூடக் கொடுக்க முடியவில்லை.

11. தண்ணீர் கட்டுங்கள், மழைக்குக் காத்திருங்கள்

வேலை முடிந்து, பூச்சும் ஓடும் நன்றாக இறுகிய பிறகு, மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 48 மணி நேரம் நிற்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கீழே சீலிங்கைப் பாருங்கள்; மூலைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். சீலிங்கில் துரு தெரிந்த பழைய தளமாக இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்காமல் தண்ணீர் கட்ட வேண்டாம். குளியலறைத் தரைக்கும் இதே சோதனைதான், ஒரு நாள் போதும். ஈரம் இல்லையென்றால் அந்தத் தவணையை அன்றே கொடுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். சொன்ன நாளில் பணம் தரும் வீட்டுக்கு அடுத்த முறை அவர் முதலில் வருவார்.

எங்கள் வீட்டில் கடைசிப் பத்தாயிரம் ஐப்பசி வரை காத்திருந்தது. முதல் பெருமழை இரவு முழுக்கப் பெய்தது. காலையில் நான் போன் செய்வதற்குள் அவரே கூப்பிட்டு, "ஒழுகுச்சாம்மா?" என்று கேட்டார். ஒழுகவில்லை என்று சொல்லி, பணத்தை அனுப்பட்டுமா என்றேன். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். மாலையில் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவர் மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குழாய் வாயில் சேர்ந்திருந்த வேப்பிலைச் சருகைக் கையால் அள்ளி வெளியே போட்டார். அதற்கப்புறம்தான் கீழே வந்து காபி கேட்டார்.